ஆள்காட்டி

ஓடுதளத்தில் பறவை விரட்டுவது என் வேலை.
அடையாள அட்டையில் அதற்கு வேறு பெயர்,
ஆங்கிலத்தில், இரண்டு வரிக்கு.
வேட்டுத் துப்பாக்கி ஒன்று, வாக்கிடாக்கி ஒன்று,
கான்ட்ராக்ட்காரர் கொடுத்த பச்சைச் சட்டை,
முதுகில் பட்டை பட்டையாய் மினுக்கும்.

முக்கொம்பில் தண்ணீர் திருப்பிய வாரமே
கொக்குகளுக்குச் சேதி போய்விடும்.
உழுத சேற்றுக்கும் திருச்சி ஏர்போர்ட் புல்லுக்கும்
அவை வித்தியாசம் பார்ப்பதில்லை.
ஒரு வேட்டு போட்டால் எழும்பும், மதிலைத் தாண்டும்,
டிராக்டர் ஒன்றின் பின்னால் போய் இறங்கும்.
கொக்கு சொன்னால் கேட்கும்.

கேட்காதது ஆள்காட்டி.
நீல விளக்குக்குப் பக்கத்தில், சரளையில்,
நான்கு முட்டை, கல்லோடு கல்லாய்.
மிதிக்கும் வரை தெரியாது.
வெயில் ஏறினால் தீயணைப்பு ஷெட்டுக்குப் பின்னால்
ஏ.சி. வடிகிற தண்ணீரில் வயிற்றை நனைத்துவந்து
அவற்றின் மேல் உட்காரும்.
நான் நெருங்கினால் எதிர்த்திசையில் ஓடும்
ஓர் இறக்கையைத் தரையில் இழுத்துக்கொண்டு,
ஒடிந்தது போல,
எட்டிப் பிடித்துவிடலாம் என்பது போல.
நூறடி கூட்டிப்போய் சுகமாகப் பறந்துவிடும்.
முதல் வருஷம் ஏமாந்தேன்.
இரண்டாம் வருஷமும்.

கட்டடத்துக்குள் குருவி என்றால் வேறு.
பதினைந்து நாளைக்கொரு தரம் கொழும்பு போய்வரும் ஜனம்.
கொழும்புக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது.
கும்பகோணத்துக்கு இரண்டரை மணி,
வல்லத்தில் டீக்கு நிறுத்தினால் மேலும் கால்மணி.
எல்லை கடலில் எங்கோ இருக்கிறதாம்.
நான் பார்த்த எல்லை
பளிங்குத் தரையில் ஒட்டிய மஞ்சள் டேப்.
ஓரம் பிய்ந்து செருப்பில் ஒட்டும்.
துப்புரவுக்கு வருகிற ஞானசௌந்தரி
வாரம் ஒருமுறை கட்டைவிரலால் அழுத்திவிட்டுப் போவாள்.

செங்கமலம் திருக்காட்டுப்பள்ளிக்காரி.
போகும்போது பூனம் புடவை, மருதாணிப் பொட்டலம்.
வரும்போது சோப்பு, தைலம்,
காகிதத்தில் அப்படித்தான்.
பஸ் நிறுத்தத்தில் ஒருநாள் ஐம்பதுக்குச் சில்லறை கேட்டாள்.
‘ஒங்க சட்டை ராத்திரில கண்ணைக் குத்துதுங்க’ என்றாள்.
அவ்வளவுதான் பழக்கம்.

சுங்கத்துக் கதிரேசன் சார் கூப்பிட்டனுப்பினார்.
நாற்காலி போட்டார், முதல் தடவையாக.
‘நீ வெளியில நிக்கிறவன். படி இறங்கும்போதே பாக்குற.
யார் நடை சரியில்லன்னு மட்டும் சொல்லு.
பிடிபடுறதுல ஒனக்கும் பங்கு உண்டு.
பேர் வெளிய வராது.’

கணக்குப் போட்டேன், இல்லை என்று சொல்ல மாட்டேன்.
மகளின் நர்சிங் பீஸ்,
சொசைட்டியில் மூழ்கப்போகும் செயின்,
மிச்சத்தில் ஒரு பழைய டிவிஎஸ் ஐம்பது.

அன்றைக்குச் சாயங்கால விமானம்.
செங்கமலம் படியிறங்கினாள்
ஒரு காலை இழுத்து, இடுப்பில் கை வைத்து,
ஊரே பார்க்கும்படி நொண்டினாள்.
கண்ணாடிக்குப் பின்னால் தலைகள் திரும்பின.
என் கை வாக்கிடாக்கிக்குப் போனது.
எட்டிப் பிடித்துவிடலாம் என்பது போல.

அப்புறம்தான் எதிர்ப்பக்கம் பார்த்தேன்.
கூட்டத்தின் வாலில்
குழந்தையைத் தோளில் போட்ட ஒருத்தி,
வைக்கோல் நிறச் சேலை.
ஒருமுறை பார்த்துவிட்டுக் கண் சிமிட்டினால்
மறுபடி தேட வேண்டும்.
குழந்தை தூங்கவில்லை.
நேராக என்னையே பார்த்தது.

இடுப்பில் கரகரப்பு:
‘நீல விளக்குப் பக்கம் பறவை, பறவை.’
ஓடினேன்.

தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தித் தீர்த்தது.
என்னைத்தான் காட்டிக்கொடுத்தது,
வானத்துக்கு, வயலுக்கு, கோபுரத்து ஆபீசருக்கு.
சரளையில் மூன்று முட்டை.
நான்காவது ஓடாய்க் கிடந்தது, உள்ளே ஈரம் காயாமல்.
புல்லில் எதுவோ நகர்ந்தது. நான் தேடவில்லை.
‘முட்டைகள் அகற்றப்பட்டன’ என்று பதிவேட்டில் எழுதி
நேரம் போட்டுக் கையெழுத்திட்டேன்.
அடுத்த விமானம் ஏறும்வரை
கால் நடுங்க அங்கேயே நின்றேன்,
நிறைத்த துப்பாக்கியோடு.

மறுநாள் கதிரேசன் சார் கேட்டார்:
‘என்னப்பா, ஏதாவது பாத்தியா?’
‘கொக்குதான் சார். தண்ணி வந்துருச்சில்ல.’

நாற்காலி மடக்கியபடி சுவரோரம் இருந்தது.